பக்கத்து ஊர் விழாவுக்குப் படத்தைக் கொடுக்கலாமா? குமரி மாவட்டத்திலிருந்து ஒரு நிகழ்வு ஆய்வு

படம் 27 நிமிடம் ஓடும். குலசேகரம் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் பால்வெட்டும் பெண்ணின் ஒரு நாள்தான் கதை. பின்னிரவில் தலைவிளக்கைக் கட்டிக்கொண்டு அவள் வீட்டைவிட்டு இறங்குவதில் தொடங்கி, சிரட்டைகளில் சேர்ந்த பாலை வாளியில் ஊற்றி முடிக்கும் காலையில் முடிகிறது. இயக்குநர் அந்த ஊர்ப் பெண். வயது முப்பதை எட்டவில்லை. சென்னையில் படத்தொகுப்பு உதவியாளராக வேலை பார்த்துச் சேர்த்த பணம் முழுவதையும் இதில் போட்டுவிட்டார். படம் முடிந்து, எங்கும் திரையிடப்படாமல் இருந்த நேரத்தில், மார்த்தாண்டம் பக்கம் ஆண்டுதோறும் நடக்கும் ஒரு சிறு திரைவிழாவிலிருந்து அழைப்பு வந்தது. போட்டிப் பிரிவில் சேர்க்கிறோம், உலக முதல் திரையிடல் எங்கள் மண்ணிலேயே நடக்கட்டும் என்று எழுதியிருந்தார்கள்.

விழாவின் பெயரும் படத்தின் பெயரும் இந்த ஆய்வுக்கு வேண்டியதில்லை. இதே கேள்வியோடு மாவட்டத்தில் இன்னும் பலர் இருக்கிறார்கள் என்பதால்தான் எழுதுகிறேன்.

நண்பர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்தார்கள். நம் ஊர் விழாவை நாமே ஆதரிக்காவிட்டால் யார் ஆதரிப்பது என்றது ஒரு கட்சி. உள்ளூரில் ஒருமுறை ஓட்டிவிட்டால் பெரிய விழாக்காரர்கள் திரும்பிப் பார்க்க மாட்டார்கள் என்றது மற்றொன்று. இரண்டு கட்சியும் விழாவைப் பற்றித்தான் பேசின. படத்தில் பாதிக்கு மேல் இருட்டு என்பதையோ, பேச்சு முழுக்க விளவங்கோடு வட்டார வழக்கு என்பதையோ ஒருவரும் எடுக்கவில்லை. திரையிடல்களுக்குத் தொழில்நுட்ப வேலை பார்ப்பவன் என்பதால் எனக்கு அங்கிருந்துதான் தொடங்கத் தோன்றியது.

முதலில் ஒரு வடிகட்டல்

விழா உண்மையானதா என்று பார்க்க அதிக நேரம் பிடிக்காது. விழாக்களுக்குப் படம் அனுப்ப உதவும் ஃபிலிம்ஃப்ரீவே இணையதளம் 2014இல் வந்தபின் உலகத்தில் எந்த மூலையிலிருந்தும் எந்த விழாவுக்கும் படம் அனுப்புவது எளிதாகிவிட்டது. அதே வசதியில் மாதத்துக்கு ஒருமுறை விருது கொடுக்கும் கடைகளும் பெருகிவிட்டன. அங்கே திரையும் இருக்காது, பார்வையாளரும் இருக்க மாட்டார். கட்டணம் கட்டினால் சுவரொட்டியில் ஒட்டிக்கொள்ள இலைவளைய முத்திரை ஒன்று மின்னஞ்சலில் வரும். நான் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: சென்ற ஆண்டு எந்தப் படம், எந்த மண்டபத்தில், எத்தனை மணிக்கு ஓடியது என்ற நிரலைக் காட்ட முடியுமா? காட்டினால் விழா. வென்றவர்கள் பட்டியலை மட்டும் காட்டினால் வியாபாரம்.

இவர்கள் காட்டினார்கள். அச்சடித்த நிரல், ஓரத்தில் பேனாவால் மாற்றிய நேரங்கள், நடுவில் மின்வெட்டு என்று எழுதிய ஒரு குறிப்பு. எனக்கு அதைவிட நல்ல சான்றிதழ் தேவையில்லை. நடத்துபவர் ஓய்வுபெற்ற ஆசிரியர். அனுமதிக் கட்டணம் சிறியது, கேட்டால் விலக்கும் கொடுப்பார். விருதுப் பிரிவுகள்தான் தேவைக்கு மேல் இருந்தன. சிறந்த சுவரொட்டிக்குக்கூடக் கேடயம் உண்டு. அதைக் குறையாக நான் எடுத்துக்கொள்ளவில்லை, கேடயம் செய்யும் கடைக்காரரும் பிழைக்க வேண்டும்.

முதல் திரையிடல் என்ற பயம்

பெரிய விழாக்கள் முதல் திரையிடல் உரிமையைக் கேட்பது உண்மைதான். ஆனால் அந்தக் கெடுபிடி பெரும்பாலும் முழுநீளப் படங்களின் போட்டிப் பிரிவில்தான். குறும்படங்களில் அது மிகவும் தளர்வு. ஒரே குறும்படம் பத்து ஊர்களில் சுற்றிவருவதை யாரும் குற்றமாகப் பார்ப்பதில்லை.

இயக்குநர் மனதில் இருந்த பெரிய விழா எது என்று கேட்டேன். திருவனந்தபுரம் என்றார். கேரள மாநில சலச்சித்ர அகாடமி 2008 முதல் அங்கே நடத்திவரும் ஆவணப்பட, குறும்பட சர்வதேச விழா. சரியான ஆசை. குமரி மாவட்டத்துக்காரருக்குச் சென்னையைவிடத் திருவனந்தபுரம் பல மடங்கு பக்கம், களியக்காவிளையைத் தாண்டினால் வந்துவிடும். அப்படியானால் மார்த்தாண்டத்தில் அறுபது பேர் முன்னால் ஓடியது அங்கே தடையாகுமா என்று அந்த ஆண்டு விதிமுறையை எடுத்துப் படித்துவிட்டால் தீர்ந்தது. யூகத்தில் தூக்கம் கெட வேண்டியதில்லை.

உண்மையான ஆபத்து வேறொரு இடத்தில் ஒளிந்திருந்தது. உள்ளூர் விழாவின் விதிமுறையில் கடைசிக்கு முந்தைய வரி: தேர்வான படங்களை விழாவின் யூடியூப் சேனலில் வெளியிடும் உரிமை அமைப்பாளர்களுக்கு உண்டு. கால அளவு இல்லை, எந்தெந்த நாட்டில் என்ற வரையறை இல்லை. கெட்ட எண்ணத்தில் எழுதியதல்ல, எங்கிருந்தோ எடுத்து ஒட்டியதுபோலத்தான் இருந்தது. ஆனால் ஒரு மண்டபத்தில் ஓடுவதும் இணையத்தில் எல்லோருக்கும் திறந்துவிடுவதும் ஒன்றல்ல. இணையத்தில் பொதுவில் கிடைக்கும் படத்தை ஏற்காத விழாக்கள் நிறைய. ஓடிடி நிறுவனங்களும் அப்படித்தான். கையெழுத்து போடுமுன் நிறுத்த வேண்டிய இடம் இதுதான்.

இயக்குநர் விழா நடத்தும் ஆசிரியரிடம் போனில் கேட்டார். "சார், அந்த ஒரு வரியை மட்டும் எனக்காக எடுத்துவிட முடியுமா?"

"எந்த வரி மக்களே? நான் இன்னும் அதை முழுதாகப் படிக்கவில்லை" என்றார் அவர். (இளையவரை அன்பாக மக்களே என்பது குமரி வழக்கு.) அன்றைக்கே அந்த வரி நீக்கப்பட்டு, விளம்பரத்துக்கு ஒரு நிமிடத்துக்கு மிகாத துண்டு மட்டும் என்ற வரி அந்த இடத்தில் வந்தது. மின்னஞ்சலிலும் எழுதி வாங்கிக்கொண்டோம். சிறு விழாவின் பெரிய வசதி இதுதான் என்பேன்: விதியை எழுதியவரே போனை எடுப்பார்.

மண்டபம்

இதில்தான் அதிக நேரம் செலவிட்டோம், செலவிட்டதும் சரிதான். விழா நடப்பது ஒரு தேவாலயத்தின் பங்கு மண்டபத்தில். கல்யாணம், ஞாயிறு மறைக்கல்வி, இரத்ததான முகாம் எல்லாம் அங்கேதான். இரண்டு பக்கமும் உயரமான சன்னல்கள், மெல்லிய கிரீம் நிறத் திரைச்சீலை, ஓட்டுக்கூரை, பன்னிரண்டு மின்விசிறிகள்.

பிற்பகல் இரண்டு மணிக்கு, விழாவில் பயன்படுத்தும் அதே புரொஜெக்டரில், படத்தின் நான்காம் நிமிடத்தை ஓட்டினோம். அவள் மரத்தடியில் குனிகிறாள். தலைவிளக்கின் வட்டத்துக்குள் கத்தி பட்டையைச் சீவுகிறது. பால் கசிந்து, சரிவான வெட்டுவாயில் இறங்கி, சிரட்டையில் சொட்டுகிறது. தொகுப்பு அறையின் மானிட்டரில் இந்த ஷாட்டில் அவளுடைய கன்னம், கழுத்து வியர்வை, பின்னால் வரிசையாக நிற்கும் மரங்கள் எல்லாமே தெரியும். மண்டபத் திரையில் தெரிந்தது பால் இறங்கும் வெள்ளைக் கோடு ஒன்றுதான். மற்றதெல்லாம் சாம்பல்.

புரொஜெக்டர் போதவில்லை, இன்னும் அதிக லூமன் (புரொஜெக்டர் வீசும் ஒளியின் அளவு) உள்ளதை வாடகைக்கு எடுப்போம் என்றார்கள். எல்லா ஊரிலும் இதைத்தான் சொல்வார்கள். கணக்கு போட்டுப் பார்க்கலாம். புரொஜெக்டர் 3000 லூமன். திரை 12 அடி அகலம், ஆறே முக்கால் அடி உயரம், ஆக 81 சதுர அடி. சாதாரண வெள்ளைத் திரையில் லூமனைச் சதுர அடியால் வகுத்தால் கிடைப்பது ஃபுட்-லாம்பெர்ட், அதாவது திரையின் பிரகாச அளவு. இங்கே 37. டிஜிட்டல் திரையரங்கில் வெள்ளைக்கு வைத்திருக்கும் தர அளவு 14 தான். பல்பு பழையது, பெட்டியில் போட்டிருக்கும் எண் மிகை என்று பாதியைக் கழித்தாலும் தியேட்டர் அளவுக்குக் குறையவில்லை. வெளிச்சம் தாராளமாகவே இருக்கிறது. இல்லாதது இருட்டு. எந்தப் புரொஜெக்டராலும் கறுப்பை வீச முடியாது. விளக்கு விழாத இடத்தில் திரை எவ்வளவு இருட்டாக இருக்கிறதோ அதுதான் படத்தின் கறுப்பு. சன்னல் வெளிச்சம் திரையில் விழுந்தால் கறுப்பெல்லாம் சாம்பலாகும், அந்தச் சாம்பலுக்குக் கீழே இருக்கும் முகமும் கழுத்தும் மரமும் மூழ்கிப்போகும். பட்டப்பகலில் நடக்கும் நகைச்சுவைக் குறும்படத்துக்கு இதே மண்டபம் எந்தக் கெடுதலும் செய்யாது. தலைவிளக்கு ஒன்றை நம்பி எடுத்த படத்துக்கு இது கொலை.

லாரிக்குப் போடும் கறுப்புத் தார்ப்பாயைச் சன்னல்களில் வெளிப்பக்கமாகக் கட்டினோம். வாசல் கதவுக்கு உள்ளே இன்னொரு தார்ப்பாயைத் தொங்கவிட்டு, ஒருவர் நுழையும்போது வெளிச்சம் திரைவரை போகாதபடி செய்தோம். அப்போதும் நிழல்கள் சேறாகவே இருந்தன. காரணம் மடிக்கணினி. அது முழு வீச்சில், அதாவது கறுப்பிலிருந்து வெள்ளைவரை எல்லா அளவுகளையும் பயன்படுத்தி, அனுப்பிய சமிக்ஞையைப் புரொஜெக்டர் குறுக்கிய வீச்சு என்று எடுத்துக்கொண்டு, இருண்ட பகுதிகளை மொத்தமாகக் கறுப்பில் அழுத்திவிட்டது. இரண்டு பக்கத்திலும் ஒரே அமைப்பை வைத்ததும் கன்னம் திரும்பி வந்தது. கூடவே மடிக்கணினியின் புதுப்பிப்பு வீதத்தை 60இலிருந்து 24க்கு மாற்றினோம். நொடிக்கு 24 சட்டகத்தில் எடுத்த படம் 60இல் ஓடினால் கேமரா மெதுவாக நகரும் ஷாட்டில் லேசாக விக்கும், இந்தப் படத்தில் அப்படிப்பட்ட ஷாட்கள் நிறைய.

பிறகு ஒலி. ஒன்பதாம் நிமிடத்தில் அடுப்படியில் கணவனும் மனைவியும் பேசிக்கொள்கிறார்கள். விறகு வெடிக்கும் சத்தம் கேட்டது, சீவிடு கேட்டது, பேச்சு மட்டும் வரவில்லை. "இது மௌனப் படமா மக்களே?" என்றார் ஆசிரியர். இயக்குநருக்கு முகம் போய்விட்டது. கொண்டுவந்திருந்தது 5.1 ஒலிக்கலவை. அதில் வசனம் நடு ஒலிபெருக்கிக்கான தடத்தில் இருக்கும். மண்டபத்தில் நடு ஒலிபெருக்கியே கிடையாது, இடமும் வலமும் மட்டும் பெருக்கிக்குப் போயின. தனியாக ஒரு ஸ்டீரியோ கலவை செய்து கொண்டுவந்ததும் சரியாயிற்று. சிறு விழாவுக்குப் படம் கொடுப்பவர் ஸ்டீரியோ பிரதி ஒன்றைக் கூடவே கொடுப்பது நல்லது. கேட்பார்கள் என்று காத்திருக்க வேண்டாம், கேட்க மாட்டார்கள்.

திரையின் அடியில் வரும் வசன வரிகளையும் (சப்டைட்டில்) எடுத்துவிட்டோம். ஆங்கில வரிகள் படத்தோடு பதிந்த பிரதிதான் இருந்தது. இருட்டுக் காட்சியில் அடியில் பளிச்சென்று ஒரு வெள்ளை வரி வந்தால் கண் அந்த வெளிச்சத்துக்குத் தன்னைச் சுருக்கிக்கொண்டு மேலே உள்ள முகத்தை விட்டுவிடும். மார்த்தாண்டத்தில் மரச்சீனி என்றால் என்ன, ஒட்டுப்பால் என்றால் என்ன என்று யாருக்கும் விளக்க வேண்டியதும் இல்லை.

சான்றிதழ்

இதைப் பற்றிப் பேச்செடுத்தாலே சிறு விழாக்காரர்கள் முகம் சுருங்கும். குறும்படத்துக்குத் தணிக்கை வேண்டாம் என்று ஒரு நம்பிக்கை பரவலாக இருக்கிறது. 1952ஆம் ஆண்டின் திரைப்படச் சட்டம் நீளத்தைப் பார்ப்பதில்லை. பொதுத் திரையிடலுக்குச் சான்றிதழ் வேண்டும் என்பதே அடிப்படை. அதே சட்டத்தின் 9ஆம் பிரிவில் மத்திய அரசு விலக்கு கொடுக்கலாம், திரைவிழாக்கள் வாங்குவது அந்த விலக்குதான். விண்ணப்பிக்க வேண்டியது விழா நடத்துபவர், இயக்குநர் அல்ல. விழா வணிக நோக்கம் இல்லாததாக இருக்க வேண்டும், தேர்வுக்குழு பார்த்திருக்க வேண்டும், பார்வையாளர்கள் பதிவுசெய்த பிரதிநிதிகளாக இருக்க வேண்டும். சடங்குக்காகச் சொல்லவில்லை. 2017இல் திருவனந்தபுரத்துக் குறும்பட விழாவிலேயே மூன்று ஆவணப்படங்களுக்கு விலக்கு மறுக்கப்பட்டு நீதிமன்றம்வரை போனது.

ஆசிரியர் விண்ணப்பம் அனுப்பியிருந்தார், ஆனால் முந்தைய பட்டியலோடு. இந்தப் படத்தைச் சேர்த்து மறுபடி அனுப்ப வைத்தோம். டிக்கெட் விற்காமல் பிரதிநிதி அட்டை முறைக்கு மாறவும் ஒப்புக்கொண்டார். இந்தக் காகிதம் இல்லாமல் ஓட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? பெரும்பாலும் ஒன்றும் ஆகியிருக்காது. யாராவது ஒருவர் புகார் எழுதும் நாளில்தான் தெரியும்.

யார் வந்து உட்காரப்போகிறார்கள்

நேரத்தைத் தீர்மானிக்கும்போது ஒரு முடிச்சு விழுந்தது. இருட்டான படம், ஆகவே இரவு ஏழு மணிக்கு மேல் போடலாம் என்பதுதான் முதல் யோசனை. ஆனால் பால்வெட்டுத் தொழிலாளிகள் பின்னிரவில் எழுகிறவர்கள். ஏழு மணிக்கு அவர்கள் உறங்கப் போயிருப்பார்கள். இந்தப் படத்தை உலகத்திலேயே கூர்ந்து பார்க்கக்கூடிய ஆட்கள் வர முடியாத நேரத்தில் அதைப் போடுவதில் என்ன பொருள்? அவர்களுக்கு ஒழியும் நேரம் பிற்பகல். ஆகவே மூன்று மணி என்று முடிவாயிற்று, தார்ப்பாயின் புண்ணியத்தில். வெக்கைக்கு மின்விசிறி ஓடியே ஆக வேண்டும், மேலே உள்ளவற்றை நிறுத்திவிட்டுப் பக்கச் சுவரில் இருந்தவற்றை மட்டும் ஓடவிட்டோம்.

இந்த மாவட்டத்துப் படக்காரருக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. 1956 நவம்பர் 1இல் திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரிந்து, பின்னால் தமிழ்நாடு என்று பெயர் மாறிய சென்னை மாநிலத்தோடு சேர்ந்தோம். பேச்சும் சாப்பாடும் தோட்டமும் பாதி கேரளப் பக்கம். சென்னையில் போட்டால் வசனம் மலையாளமா என்பார்கள், திருவனந்தபுரத்தில் போட்டால் தமிழ்ப் படம். இது நேற்று வந்த கதையல்ல. மலையாள சினிமாவின் தந்தை என்று இன்று போற்றப்படும் ஜே.சி. டேனியல் அகஸ்தீஸ்வரத்தில் பிறந்தவர். அவர் எடுத்த 'விகதகுமாரன்' மலையாளத்தின் முதல் படம். அதன் ஒரு பிரதிகூட இன்று இல்லை. அதில் நடித்த பி.கே. ரோஸி, தலித் பெண் என்பதற்காகத் தாக்கப்பட்டு ஊரைவிட்டே ஓட நேர்ந்தது. டேனியல் 1975இல் அகஸ்தீஸ்வரத்தில் இறந்தார். அவர் பெயரில் கேரள அரசின் விருது வந்தது 1992இல். எல்லையோரத்துக்காரரை இரண்டு பக்கமும் தன்னுடையவர் என்று சொல்ல எவ்வளவு காலம் பிடிக்கிறது என்று பார்க்கிறேன், அவ்வளவுதான். இந்தப் படத்தைப் பிரதேச மொழிப் பிரிவு எதிலும் திணிக்காமல் ஓட்டக்கூடிய மண்டபம் இந்த ஒன்றாகத்தான் இருந்தது.

முடிவும் விளைவும்

போட்டிக்குக் கொடுக்க வேண்டாம், போட்டிக்கு வெளியே சிறப்புத் திரையிடலாகக் கொடுக்கலாம் என்பது என் ஆலோசனை. போட்டியில் இருந்தால் தேர்வான பிரதியைத் திருத்த முடியாது, விருது கிடைத்தால் அந்தப் பிரதிதான் ஊரெல்லாம் நிற்கும். இந்தத் திரையிடலிலிருந்து இயக்குநருக்கு வேண்டியிருந்ததோ விருதல்ல, தொழில் தெரிந்தவர்களின் பார்வை. உலக முதல் திரையிடல் என்ற அறிவிப்பும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டோம். ஆசிரியருக்குக் கொஞ்சம் வருத்தம், சுவரொட்டியில் அந்தச் சொல்லைப் பெரிதாகப் போட ஆசைப்பட்டிருந்தார்.

அறுபது எழுபது பேர் வந்தார்கள். முன் மூன்று வரிசையில் தோட்டத்து ஆட்கள். நான் எதிர்பாராத இடத்தில் சிரித்தார்கள்: கணவன் அரைத் தூக்கத்தில் மழை வருமா என்று கேட்கும் இடம். மழை என்றால் அன்றைக்கு வெட்டு இல்லை, கூலியும் இல்லை, தூக்கம் உண்டு. இந்த மூன்றையும் ஒரே மூச்சில் புரிந்துகொண்டு சிரிக்கும் அரங்கம் வேறு எங்கும் அமையாது.

படம் முடிந்ததும் அறுபது வயது மதிக்கத்தக்க ஒரு தொழிலாளி எழுந்தார். "அந்தப் பிள்ளை நன்றாக நடித்திருக்கிறாள். ஆனால் அவள் வெட்டும் வெட்டில் மரம் செத்துப்போகும்" என்றார். கத்தி ஆழமாக இறங்குகிறது, பட்டைக்கு உள்ளே இருக்கும் வளர்படலத்தில் பட்டுவிட்டால் அந்த இடத்தில் மரம் காயப்படும், புதுப்பட்டை சீராக வளராது, அத்தனை ஆண்டு அனுபவம் உள்ளவளாகக் காட்டிய பெண் அப்படி வெட்ட மாட்டாள் என்று கையை அசைத்துக் காட்டினார். பக்கத்தில் இருந்த பெண்கள் தலையாட்டினார்கள். நடிகை சில நாள் பயிற்சி எடுத்திருந்தார். சென்னையில் படத்தைப் பார்த்தவர்கள் அந்த ஷாட்டைத்தான் மிகவும் பாராட்டியிருந்தார்கள்.

இயக்குநர் அந்தத் திருத்தத்தை எழுதிக்கொண்டார், அவரிடமே போய்ப் பேசவும் செய்தார். பிறகு அந்த ஷாட்டை எடுத்துவிட்டு, அதே மனிதரின் கைகளை அண்மைக் காட்சியாக எடுத்துச் சேர்த்தார். ஒலியில் மின்விசிறிச் சத்தத்தோடு போட்டிபோட்டுத் தோற்ற இரண்டு வசனங்களையும் சற்று உயர்த்தினார். இப்போது இருப்பது மார்த்தாண்டத்தில் ஓடியதைவிடத் தேர்ந்த பிரதி. திருவனந்தபுரத்துக்குப் போகப்போவது இதுதான்.

கணக்கில் வராத ஒன்று நடுவர்கள். போட்டியில் இல்லாததால் அவர்கள் இந்தத் திரையிடலுக்கு வரவில்லை. வந்திருந்தால் அறிமுகம் ஒன்றிரண்டு கிடைத்திருக்கலாம். அது இழப்புதான், சிறிய இழப்பு.

இதே விழாவைப் பற்றிக் குளச்சலிலிருந்து இன்னொருவர் கேட்டார். அவரிடம் இருப்பது ஒன்றரை மணி நேர முழுநீளப் படம், விற்க வேண்டும், கடனும் இருக்கிறது. அவருக்கு நான் சொன்னது வேறு. முழுநீளப் படத்துக்கு முதல் திரையிடல் உண்மையிலேயே பணம். கோவா, திருவனந்தபுரம், சென்னை விழாக்களின் பதில் வரும்வரை எந்த மண்டபத்திலும் போட வேண்டாம். பங்கு மண்டபத்தில் ஒன்றரை மணி நேரம் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்வதும் 27 நிமிடம் உட்கார்வதும் ஒன்றல்ல. பதில்கள் எல்லாம் வந்தபின், மீனவர்களுக்கு ஓய்வான மீன்பிடித் தடைக்காலத்தில் ஆசிரியரிடம் கேட்டால் ஒரு நாள் ஒதுக்கித் தருவார். தார்ப்பாயை அவர் திருப்பிக் கொடுக்கவில்லை, மண்டபத்திலேயே மடித்து வைத்திருக்கிறார்.